உங்களுக்குத் தெரியுமா? – கொரோனாவும் கைபேசியும்

■ 2020 பிப்ரவரியில் ஈரானில் கொரோனா வேகமெடுத்தபோது, விஸ்கியில் தேன் கலந்து குடித்த ஒரு பிரிட்டிஷ் பள்ளி ஆசிரியர் குணமாகிவிட்டார் என்று பாரசீக மொழியில் ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவியது. ஆல்கஹால் கலந்த சானிடைசர் கிருமியைக் கொல்லும் என்று மருத்துவர்கள் சொல்லிவந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. கையில் தடவினால் கொல்லும் என்றால் குடித்தால் உள்ளே இருப்பதையும் கொல்லும் என்று பயந்துபோன மனிதர்கள் கணக்குப் போட்டார்கள். அங்கே மதுவுக்குத் தடை. கள்ளச்சந்தையில் கிடைத்ததோ மெத்தனால். உடம்புக்குள் போனதும் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் பார்வை நரம்பைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான்.

பெருந்தொற்றின் முதல் சில மாதங்களில் உலகெங்கும் பரவிய வதந்திகளைத் தொகுத்து 2020 ஆகஸ்டில் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. ‘குடித்தால் கொரோனா போகும்’ என்ற நம்பிக்கையால் சுமார் 800 பேர் இறந்ததாகவும், 5,876 பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும், 60 பேர் கண்பார்வையை முழுதாக இழந்ததாகவும் அது சொல்கிறது. பொய்ச்செய்தியால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

■ அந்த ஈரான் செய்தியில் பாதி உண்மை இருந்ததைக் கவனித்தீர்களா? பெரும்பாலான வதந்திகளின் அமைப்பே அதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம், 2020-இன் முதல் மூன்று மாதங்களில் பொய் என்று நிரூபணமான 225 ஆங்கிலச் செய்திகளை எடுத்து ஆராய்ந்தது. முழுக்கக் கற்பனையாக உருவாக்கப்பட்டவை 38 சதவீதம் மட்டுமே. 59 சதவீதம், ஏற்கெனவே இருந்த உண்மைத் தகவலைத் திரித்தவை, இடம் மாற்றி ஒட்டியவை. பழைய படத்துக்குப் புதிய விளக்கம், வேறு ஊர் வீடியோவுக்கு நம்மூர்ப் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அரசியல்வாதிகள், நட்சத்திரங்கள் போன்ற பிரபலங்கள் சொன்ன பொய்கள் எண்ணிக்கையில் 20 சதவீதம்தான். ஆனால் சமூக ஊடகங்களில் விழுந்த விருப்பங்கள், பகிர்வுகள், பின்னூட்டங்களில் 69 சதவீதம் அவற்றுக்குத்தான் போனது. வதந்தி என்றாலே படிக்காதவர்கள் பரப்புவது என்ற பேச்சை இந்த எண்கள் தகர்த்துவிடுகின்றன.

■ உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11-ஆம் தேதி. ‘நோயோடு மட்டும் அல்ல, தகவல் தொற்றோடும் போராடுகிறோம்’ என்ற பொருளில் அதன் தலைவர் டெட்ரோஸ் மியூனிக் மாநாட்டில் எச்சரித்தது அதற்கு முன்பே, பிப்ரவரி 15-ஆம் தேதி.

■ கைபேசி வருவதற்கு முன் இதெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் மருத்துவமனையில் அடைத்தது ஆங்கில அரசு. போனவர்களில் பலர் திரும்பவில்லை. உள்ளே ஆட்களைக் கொன்று உடலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். அந்த மக்களை மூடர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நோயாளிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்ல யாருமே இல்லாத இடத்தில், எண்ணெய்க் கதை அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்தது.

■ நல்ல நோக்கத்துக்காகவும் ஒரு பொய் உருவாக்கப்பட்டிருக்கிறது, அதுவும் நம் சென்னையில். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதிய எல்லிஸ் துரையைத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மைத் தடுப்பூசி இங்கே அறிமுகமான காலம். பசுவின் மடியில் தோன்றும் அம்மையிலிருந்து எடுத்த சீழ்நீரைக் குத்திக்கொள்ள மக்கள் தயங்கினார்கள். எல்லிஸ் சமஸ்கிருதத்தில் தடுப்பூசியைப் பற்றி ஒரு சிறு செய்யுள் இயற்றினார். அது பழைய தாளில் எழுதப்பட்டு, தொன்மையான நூல் ஒன்று கிடைத்ததுபோல் முன்வைக்கப்பட்டது. பசு தந்த கொடையே இது என்று நம்பினால் அந்தணர்கள் ஏற்பார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஏற்பார்கள் என்பது எண்ணம்.

இப்படிப் புறப்பட்ட கதைகள் நின்றபாடில்லை. பெரியம்மைத் தடுப்பூசியை உருவாக்கிய ஜென்னருக்கு முன்பே இந்தியர்கள் பசு அம்மைத் தடுப்பூசியை அறிந்திருந்தார்கள் என்று ஐரோப்பிய நூல்கள் சிலவும் எழுதின. இந்தக் கூற்றின் வேரைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர் டொமினிக் வுயாஸ்டிக் 1987-இல் எழுதிய கட்டுரையில் இதைப் பக்தியோடு செய்த மோசடி என்றே குறிப்பிட்டார். நன்மைக்காகச் சொன்ன பொய்யும் நூற்றாண்டுகள் தாண்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுகாதாரத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது.

■ கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று 2020 பிப்ரவரி, மார்ச்சில் பரவிய செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். நாமக்கல் முட்டைப் பண்ணைகளும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கோழியின் கொள்முதல் விலை வளர்ப்புச் செலவுக்கும் கீழே சரிந்தது. பயத்தைப் போக்க, பிப்ரவரி 28 அன்று ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையிலேயே கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். கோழியால் இந்த வைரஸ் மனிதருக்குப் பரவியதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

■ வதந்தி, செய்தித்தாளையே ஒருமுறை வாசலில் தடுத்து நிறுத்தியது. தாளைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பரவிய பேச்சால் 2020 மார்ச்சில் பல அடுக்ககங்களில் பேப்பர் போடும் பையன்களை உள்ளே விடவில்லை. மும்பையில் விநியோகம் நின்றுபோய், நாளிதழ்கள் சில நாட்கள் அச்சாகவே இல்லை. சரிபார்த்த செய்தி வீட்டுக்கு வரும் வழி அடைபட்டது. சரிபார்க்காத செய்தி வரும் வழி கையிலேயே இருந்தது.

■ சமூக ஊடகத்தையே செய்திக்கு நம்பியிருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020 ஜூலையில் ஒரு அறிக்கை வெளியிட்டது. கொரோனா, அதிகாரம் படைத்தவர்கள் திட்டமிட்டுப் பரப்பியது என்ற கதையைக் கொஞ்சமாவது கேள்விப்பட்டதாகச் சொன்னவர்கள் இந்தப் பிரிவில் 81 சதவீதம். நிறையவே கேள்விப்பட்டதாகச் சொன்னவர்கள் 26 சதவீதம். நாளிதழையோ தொலைக்காட்சியையோ முதன்மையாக நம்புபவர்களைவிட இது அதிகம். நடப்புச் செய்தி பற்றிய கேள்விகளுக்கு இவர்கள் சொன்ன சரியான பதில்களோ குறைவு.

■ யூடியூபில் 2020 மார்ச் 21 அன்று அதிகம் பார்க்கப்பட்ட கொரோனா வீடியோக்களில் ஆங்கிலத்தில் இருந்த 69-ஐ ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் தவறான தகவலோடு இருந்தது. அவற்றுக்கு மட்டும் 6.2 கோடிப் பார்வைகள்.

■ உப்பு என்றால் நமக்குக் கிருமிநாசினி என்ற எண்ணம் பழையது. தென்கொரியாவில் சியோலுக்கு அருகே சொங்னாம் நகரின் ஒரு தேவாலயத்தில், உப்புநீர் வைரஸைக் கொல்லும் என்று நம்பி, 2020 மார்ச்சில் வந்தவர்கள் வாயில் ஒரே தெளிப்பானால் உப்புநீரைப் பீய்ச்சினார்கள். முனையைத் துடைக்காமல் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு அது போனது. போதகர் உட்பட 46 பேருக்குத் தொற்று.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2014-இல் எபோலா பயம் நைஜீரியாவை எட்டியபோதும் உப்பு முன்னால் வந்தது. உப்புநீரில் குளித்து, உப்புநீரையே குடித்தால் எபோலா அண்டாது என்று குறுஞ்செய்திகள் பறந்தன. அளவுக்கு மீறிக் குடித்து இருவர் இறந்தார்கள்.

■ ‘பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்குக் கொரோனா இல்லை, கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குப் போய்ச் செத்துவிடும்.’ இந்தச் செய்தி சுற்றாத நாடு இல்லை என்றே சொல்லலாம். ஒரு நாட்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சொன்னதாக வந்தது, இன்னொரு நாட்டில் ஒரு நண்பரின் மாமா சொன்னதாக வந்தது. தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஸ்டான்ஃபோர்டு அறிவித்தது. நோய் முற்றாத இளைஞர்கள் பலரால் பத்து விநாடிக்கு மேலும் மூச்சை அடக்க முடியும், அவர்களுக்குத் தொற்றும் இருக்கும்.

நண்பரின் மாமா என்ற அந்தச் சேர்க்கையில்தான் செய்தியின் பலமே இருந்தது என்று நினைக்கிறேன். நம் குடும்பக் குழுக்களை எண்ணிப் பாருங்கள். காலையில் பெரியப்பா ஒரு வீடியோ அனுப்புகிறார். அதை நாம் செய்தியாகப் பார்ப்பதில்லை, பெரியப்பாவின் அக்கறையாகப் பார்க்கிறோம். அதை மறுத்தால் அவரை மறுத்ததாக ஆகிவிடும் என்று தயங்கிச் சும்மா இருந்துவிடுகிறோம்.

■ இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த போலிச் செய்தி இணைப்புகள், இளவயதினர் பகிர்ந்ததைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஒன்றையும் மறக்காமல் சொல்லியாக வேண்டும்: அப்போதும் பெரும்பாலானவர்கள், எந்த வயதினரானாலும், ஒரு போலிச் செய்தியைக்கூடப் பகிரவில்லை. கொஞ்சம் பேர்தான் நிறையப் பகிர்ந்தார்கள்.

■ ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளின் பாதையை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 1,500 பேரை எட்ட, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய்யை வேகமாகத் தள்ளிவிட்டது மனித விரல்களே. புதிதாக, வியப்பாக இருப்பதைப் பிறரிடம் சொல்லத் துடிப்பது மனித இயல்பு. பொய்யில் புதுமைக்குப் பஞ்சம் இருக்காது.

■ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும். 1977-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். நான்கு குழுக்களில் இருப்பவருக்கு ஒரே வீடியோ நான்கு முறை வருகிறது. நாலு பேரும் சொல்கிறார்களே என்று மனம் அதை நான்கு சாட்சிகளாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

■ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே சமயத்தில் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான், 2018 ஜூலையில். அதற்குப் பின்னால் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தியும் அதனால் நடந்த கொலைகளும் இருந்தன. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து முறை கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. எழுதியவர் யார் என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

■ 5 ஜி கோபுரம்தான் கொரோனாவைப் பரப்புகிறது என்று நம்பி 2020 வசந்தகாலத்தில் பிரிட்டனில் 70-க்கும் மேற்பட்ட கைபேசிக் கோபுரங்களுக்குத் தீவைத்தார்கள். பர்மிங்ஹாமில் நோயாளிகளுக்காக அவசரமாக எழுப்பிய மருத்துவமனைக்குத் தொடர்பு கொடுத்த கோபுரமும் அதில் ஒன்று. நோயாளியைப் பார்க்க முடியாத குடும்பங்கள் கைபேசி வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தன.

ஓராண்டு கழித்து அதே கதை இந்தியாவுக்கு வந்தது. இரண்டாம் அலைக்கு 5 ஜி சோதனைதான் காரணம் என்றார்கள். நாட்டில் அந்தச் சோதனை எங்குமே தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை 2021 மே மாதம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே 5 ஜி சேவை வந்தது 2022 அக்டோபரில்.

■ நோபல் பரிசு பெற்றவர் சொன்னதாக வந்தால் நம்பாமல் இருப்பது கடினம். ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ, இந்த வைரஸ் ஊஹான் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்று சொன்னதாக ஒரு செய்தி. அவர் அங்கே வேலை பார்த்தாராம். தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவது வருத்தம் தருகிறது என்று கியோட்டோ பல்கலைக்கழகம் வழியாக அவர் மறுத்தார். 2021-இல், தடுப்பூசி போட்டவர்கள் எல்லோரும் இரண்டே ஆண்டில் இறந்துவிடுவார்கள் என்று பிரான்சின் லுக் மொன்தானியே சொன்னதாக இன்னொன்று. தடுப்பூசியைப் பற்றி அவர் சொன்னவற்றில் அறிவியலுக்குப் பொருந்தாதவை இருந்தன; ஆனால் இந்த இரண்டாண்டு வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை.

■ நடிகர் விவேக்கின் மரணத்தை மறக்க முடியுமா? 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மக்களின் பயம் தெளிய வேண்டும் என்று ஊடகங்களின் முன்னிலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். அன்று முழுக்கத் தமிழ்க் குழுக்களில் ஓடியது ஒரே கேள்வி. அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகச் சேர்வது, ஒரே நாளில் வந்துவிடாது. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது அந்த ஆண்டு அக்டோபரில்.

ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள்தான் இரண்டாம் அலை வந்து போனது. ஆய்வு நிதானமாக நடக்க வேண்டியதுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆய்வு நடக்கிறது, இதுவரை தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது என்று வாரந்தோறும் யாராவது தமிழில் மக்களிடம் பேசியிருந்தால், ஊசி போட மறுத்து வீட்டில் இருந்த எத்தனையோ பெரியவர்கள் மனம் மாறியிருப்பார்கள். மரங்களுக்காக ஊர் ஊராக அலைந்த ஒரு மனிதரின் கடைசிப் பொதுப்பணியே அவர் நோக்கத்துக்கு எதிராகத் திருப்பப்பட்டது இன்னமும் மனதை அறுக்கிறது.

■ பொய்த் தகவலைப் பார்த்த பிறகு தடுப்பூசி போடும் எண்ணம் எவ்வளவு குறையும் என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கண்டிப்பாகப் போட்டுக்கொள்வேன் என்று சொன்னவர்களின் பங்கு பிரிட்டனில் 6.2 புள்ளிகளும் அமெரிக்காவில் 6.4 புள்ளிகளும் இறங்கியது.

■ நம் மாநிலத்துக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப் குரல்பதிவுகள் பள்ளிக்கூட வாசல்வரை வந்தன. பெற்றோர் தயங்க, முகாமின் கெடுவை நீட்டிக்க வேண்டிவந்தது.

■ வதந்தியின் மிகக் கொடிய முகத்தைச் சென்னை 2020 ஏப்ரல் 19 இரவு பார்த்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, தானும் தொற்றுக்கு ஆளாகி இறந்த ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் மக்கள் திரண்டார்கள். புதைத்தால் மண் வழியே நோய் பரவும் என்ற பயம். ஆம்புலன்ஸ் மீது கல்லும் கட்டையும் விழுந்தன, ஊழியர்கள் காயமடைந்தார்கள். சக மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர்களின் துணையோடு நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். இறந்தவர் உடலால் கொரோனா பரவுவதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. அது அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஒரு வாரத்தில், அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் இதே பயத்தை அரசே சட்டமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்ற ஆதாரமற்ற வாதத்தை வைத்து, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசிதழ் அறிவிப்பு வந்தது. எரிப்பதை மார்க்கம் அனுமதிக்காத முஸ்லிம் குடும்பங்கள் கதறின. பிறந்து 20 நாளே ஆன குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை தமிழர்கள் நடந்த பேரணியிலும் இந்தக் கொடுமையை நிறுத்து என்ற கோரிக்கை இருந்தது, முஸ்லிம்கள் அதில் தோள்சேர்ந்தார்கள். அந்த மாத இறுதியில் உத்தரவு மாறியது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது.

■ அதே இலங்கையில் 2020 டிசம்பரில், காளி தேவி அருளிய மருந்து என்று தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாகுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை எல்லோர் முன்னிலையிலும் குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

■ அரசு வதந்தி என்று முத்திரை குத்தியதெல்லாம் வதந்தி ஆகிவிடாது. ஊஹானின் கண் மருத்துவர் லி வென்லியாங், சார்ஸ் போன்ற நோய் வந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்று 2019 டிசம்பர் 30 அன்று தன்னோடு படித்த மருத்துவர்களின் குழுவில் எழுதினார். பொய் பரப்புவதாகக் கண்டித்துக் காவல்துறை அவரிடம் எழுதி வாங்கியது. பிப்ரவரி 7-ஆம் தேதி அதே நோயில் அவர் இறந்தார். மார்ச்சில் அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

உத்தியோகபூர்வச் செய்தி என்பதாலேயே சரியாகவும் இருந்துவிடாது. ‘கொரோனா காற்றில் பரவுவது அல்ல, இது உண்மை’ என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று திட்டவட்டமாகப் பதிவிட்டது. காற்றிலும் பரவும் என்று 239 அறிவியலாளர்கள் ஜூலையில் பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. அவர்கள் சொன்னதே சரி. இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நம்பிக்கை இந்த அளவு சேதப்பட்டிருக்காது.

■ இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்களில், கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு ஏறும் என்று ஒரு செய்தி வீடு வீடாக வந்தது. கற்பூரம் மூக்கடைப்பு நீங்கியதுபோன்ற உணர்வைத் தரும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. அளவுக்கு மீறினால் நஞ்சு. அந்த முடிச்சை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் தள்ளிப்போட்ட நேரத்தில்தான் ஆபத்து இருந்தது.

■ அதே நாட்களில் அதே ஊடகங்கள் உயிரும் காத்தன. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி, எங்கே சிலிண்டர் கிடைக்கும் என்று தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்து, நேரம் குறித்துப் பதிவிட்ட இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். பழைய எண்ணை யாராவது பகிர்ந்தால் காலாவதி என்று திருத்தினார்கள். தமிழக அரசும் 104 எண்ணோடு ட்விட்டரில் ஒரு கணக்கைத் திறந்து படுக்கை கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது. உதவி கேட்டுப் பதிவிடுபவர்கள் மேல் வழக்குப் போட்டால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று எச்சரித்தது.

■ முகக்கவசம் செய்யும் மூலப்பொருளைத்தான் கழிப்பறைக் காகிதத்துக்கும் எடுக்கிறார்கள், இனிமேல் கிடைக்காது என்று 2020 பிப்ரவரியில் தைவானில் ஒரு வதந்தி. கடைகள் காலியாயின. பிரதமர் சூ செங்-சாங் தன் பின்புறத்தைத் தானே ஆட்டுவதுபோல ஒரு கேலிச்சித்திரத்தை வெளியிட்டார்: நம் எல்லோருக்கும் இருப்பது ஒன்றுதானே, எதற்கு இத்தனை காகிதம்? கூடவே, எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற சிறு விளக்கப் படமும் இருந்தது. சிரித்துக்கொண்டே மக்கள் பகிர்ந்தார்கள். வதந்தி சில நாளில் அடங்கியது. அதைக் கிளப்பியவர்களைத் தேடியபோது காகித விற்பனையோடு தொடர்புடையவர்கள் அகப்பட்டார்கள்.

■ பொய்க்கும் தடுப்பூசி உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960-களிலேயே எழுதினார். வலுவிழந்த பொய்யை முன்கூட்டியே காட்டி, அது எப்படி ஏமாற்றுகிறது என்றும் சொல்லிக்கொடுத்தால், பின்னால் வரும் பெரிய பொய்யை மனம் எதிர்த்து நிற்கும் என்பது அவர் கண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வைத்து 2020 அக்டோபரில் ஐந்து நிமிட விளையாட்டு ஒன்றை வெளியிட்டார்கள். விளையாடுபவரே வதந்தி பரப்புபவராக நடிக்க வேண்டும்: பயமுறுத்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், போலி நிபுணரைக் கூட்டிவர வேண்டும். நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலேயே இப்படி ஒன்றை வைக்கலாம்.

■ நல்ல செய்தி பரவாது என்று யாராவது சொன்னால் மேற்கு வங்கத்தைக் காட்டுங்கள். 2020 மே மாதம், நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி வங்காள மொழியில் பேசிய இரண்டரை நிமிட வீடியோவின் இணைப்பு, குறுஞ்செய்தியாகச் சுமார் 2.5 கோடிப் பேருக்குப் போனது. ஊர் அறிந்த ஒருவர், ஊர் மொழியில், பதறாமல் பேசினார். செய்தி போன பகுதிகளில் நோய் அறிகுறியைச் சுகாதாரப் பணியாளரிடம் சொன்னவர்கள் இரட்டிப்பானார்கள். வெளியூர்ப் பயணம் குறைந்தது, கை கழுவுவது கூடியது. வீடியோவில் முகக்கவசம் பற்றிப் பேச்சே இல்லை, ஆனாலும் அதை அணிவதுகூடச் சற்று ஏறியது. குறுஞ்செய்தி கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு மாற்றம் பதிவாகியிருக்கிறது.